என் காதுக்கு ஆறு எண்கள்

25, 30, 40, 55, 70, 75.

என் இடது காதைப் பற்றி என் கணினிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 500, 1000, 2000, 4000, 6000 என்று ஆறு இடங்களில், எத்தனை டெசிபல் வைத்தால் எனக்குக் கேட்கத் தொடங்குகிறது என்ற கணக்கு. கதவு மூடிய சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "பீப் சத்தம் லேசா கேட்டாக்கூட பட்டனை அமுக்குங்கம்மா" என்று சொல்லி ஆடியாலஜிஸ்ட் எடுத்துக் கொடுத்தது. ஆடியோகிராம் என்ற அந்தத் தாளில் அது இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு. கீழ்ஸ்தாயி பரவாயில்லை, மேலே போகப் போகக் காது கையை விரித்துவிடுகிறது.

காது மெஷின் போட ஆரம்பித்துப் பல வருடமாகிறது. பேச்சு பெரும்பாலும் புரிகிறது. வங்கி கவுன்டரில் இருப்பவர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தாலும், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. கச்சேரியில் கதை வேறு. பாடகர் சொல்லும் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. புரிவதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பது மெஷின் போட்டவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

மென்பொருள் சோதனை என் பிழைப்பு. எதையாவது எண்ணால் அளக்கலாம் என்று யாராவது சொன்னால் கை சும்மா இருக்காது. கேள்விக் குறைபாடு உள்ள ஒருவருக்கு ஓர் ஒலிப்பதிவு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை 0-இலிருந்து 1 வரை ஒரு மதிப்பெண்ணாகக் கணித்துச் சொல்லும் நிரல் இருக்கிறது, அதுவும் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் என் ஆறு எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒலியின் தரத்தை எண்ணில் சொல்லும் வழக்கத்தை வளர்த்தவர்கள் தொலைபேசிக்காரர்களும் ஒலிபரப்புக்காரர்களும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் இசைக்கு பீக் என்ற அளவீட்டைத் தந்தது. எம்பி3 மாதிரி சுருக்கும் முறைகள் பாட்டை எவ்வளவு கெடுக்கின்றன என்று பார்க்க. 2001-இல் தொலைபேசிப் பேச்சுக்குப் பெஸ்க், 2011-இல் அதற்கு அடுத்த தலைமுறையாகப் போல்கா. மூன்றுக்குள்ளும் ஒரு காது இருக்கிறது. எந்த ஒலி எதை மறைக்கும், எந்தக் குறை தெரியும், எது தெரியாது என்று கணக்குப் போடும் காது. அது நல்ல காது. ஆரோக்கியமான, என்னுடையதைப் போல் இல்லாத காது.

உலகில் கேள்விக் குறைபாட்டுக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுபவர்கள் 43 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொன்னது. இத்தனை பேருக்கும் அந்த நல்ல காதின் மதிப்பெண்ணையே கொடுத்தால் என்ன ஆகும்? சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் நடப்பது இது:

"அம்மா, சாப்பிட வா."

"என்னடா? சத்தமா சொல்லு."

"அம்மா, சாப்பிட வா!"

"ஏன்டா இப்படிக் கத்துற?"

மகனுக்கு இது அநியாயமாகத் தெரிவதில் வியப்பில்லை. உள்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள் இரண்டு வகை மயிர்செல்கள் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புபவை உள் மயிர்செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 3,500. வெளி மயிர்செல்கள் சுமார் 12,000. அவை கேட்பதைவிட உழைப்பவை. மெல்லிய ஒலி வரும்போது தாங்களே நீண்டு சுருங்கி அதைப் பெருக்கிவிடும். பெரிய ஒலிக்கு அந்த உதவி தேவையில்லை, செய்வதுமில்லை. சத்தத்தாலும் வயதாலும் முதலில் அடிபடுபவை பெரும்பாலும் இவைதான். அவை போனால் மெல்லிய ஒலிகள் காணாமல் போகும், பெரிய ஒலிகள் பழையபடி பெரிதாகவே இருக்கும். நடுவில் இருந்த இடம் சுருங்கிவிடும். 4000 ஹெர்ட்ஸில் எனக்கு 70 டெசிபலில்தான் ஆரம்பம். 100-ஐ நெருங்கினால் காது வலிக்கும். மற்றவர்களுக்கு விசாலமாக இருக்கும் இடம் எனக்கு முப்பது டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. மகன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்தச் சின்ன இடத்தை ஒரே தாவில் தாண்டிவிடுகிறான்.

இதோடு போகவில்லை. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களைப் பிரித்தறிவதற்கும் வெளி மயிர்செல்கள்தான் காரணம். அவை பழுதானால் சல்லடைக் கண் பெரிதாகிவிடும். பிரிந்து விழ வேண்டியவை சேர்ந்து விழும். வயலின் பாடகரின் குரலைப் பின்தொடர்ந்து வரும்போது எனக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வால்யூமைக் கூட்டினால் ஒட்டிக்கொண்ட அதே கலவை இன்னும் பெரிதாகக் கேட்கும்.

இந்தப் பழுதான காதைக் கணினியில் கட்டியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இருந்த ஜேம்ஸ் கேட்ஸும் கேத்ரின் அரேஹார்ட்டும். பேச்சின் தரத்துக்கு 2010-இல் ஹாஸ்கி, அதன் இரண்டாம் வடிவம் 2014-இல். பேச்சு புரியுமா என்று பார்க்க ஹாஸ்பி. இசைக்கு 2016-இல் ஹாக்கி. (மட்டையும் பந்தும் இல்லாத ஹாக்கி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்ய.)

உள்ளே நடப்பது ரசிக்கும்படி இருக்கிறது. ஒலியை 80 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை 32 பட்டைகளாகப் பிரிக்கிறார்கள், காக்லியா செய்வதுபோல. என் ஆறு எண்களை வாங்கி, ஒவ்வொரு பட்டையிலும் இழப்பின் பெரும்பகுதியை, ஒரு வரம்புக்குள் 80 விழுக்காட்டை, வெளி மயிர்செல்கள் கணக்கில் எழுதுகிறார்கள். மிச்சம் உள் மயிர்செல்கள் கணக்கில். வெளி மயிர்செல் பங்குக்கு ஏற்பப் பட்டைகள் அகலமாகும், மெல்லிய ஒலிக்குக் கிடைக்கும் பெருக்கம் குறையும். உள் மயிர்செல் பங்குக்கு ஒலி வெறுமனே தணியும். மகன் கத்துவதும் வயலின் ஒட்டிக்கொள்வதும் இந்தச் சில வரிக் கணக்கில் அடங்கிவிட்டதைப் பார்த்தபோது, முன்பின் தெரியாத யாரோ என் வீட்டுக் கதையைச் சரியாகச் சொல்வது மாதிரி இருந்தது.

பிறகு இந்தக் காதுக்கு இரண்டு ஒலிகளைக் கொடுப்பார்கள். ஒன்று மூலம், இன்னொன்று மெஷினோ மென்பொருளோ மாற்றியமைத்தது. இரண்டும் காதுக்குள் போய் வெளிவரும் வடிவங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

சரி, மூலத்தை எந்தக் காதால் கேட்பது? என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். பேச்சு புரியுமா என்று கேட்கும் ஹாஸ்பியில் மூலம் நல்ல காது வழியாகப் போகிறது. அதாவது, குறையில்லாத ஒருவருக்குக் கிடைப்பதோடு எனக்குக் கிடைப்பதை ஒப்பிடுகிறார்கள். தரத்தைக் கேட்கும் ஹாஸ்கியிலும் ஹாக்கியிலும் மூலமும் என் பழுதான காது வழியாகவே போகிறது. அதற்கு முன் என் இழப்புக்கு ஏற்றபடி அதிர்வெண்வாரியாகச் சத்தத்தை மட்டும் கூட்டிவிடுவார்கள், ஆஸ்திரேலியத் தேசிய ஒலியியல் ஆய்வகம் 1986-இல் தந்த என்ஏஎல்-ஆர் என்ற பழைய சூத்திரத்தின்படி. ஆக, எனக்கு 1 கிடைத்தால் ஊரார் கேட்பதுபோல் நானும் கேட்கிறேன் என்று அர்த்தமில்லை. என் காதுக்கு எட்டக்கூடியது எதுவோ அதை மெஷின் கெடுக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த முடிவை நான் மதிக்கிறேன். குறையில்லாதவரோடு ஒப்பிட்டால் எந்த மெஷினும் எனக்கு 0.3-ஐத் தாண்டாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் பயனில்லை. ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. மூலத்தைவிட நன்றாக ஒன்று இருக்க முடியும் என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. மெல்லிய சங்கதி ஒன்று என் காதுக்கு எட்டாமல் போகிறது, மெஷின் அதைத் தூக்கிக் கொடுக்கிறது என்று வையுங்கள். எனக்கு அது பாக்கியம். ஹாக்கிக்கு அது மூலத்திலிருந்து விலகல், ஆகவே மதிப்பெண் குறைப்பு.

ஹாக்கியை வைத்து நான் செய்துபார்த்த சோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒரு வாய்ப்பாட்டுப் பதிவை எடுத்து 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை முழுக்க வெட்டினேன். காது எண்களின் இடத்தில் ஆறு பூஜ்யம் போட்டு, அதாவது குறையில்லாதவராக ஓட்டினால் மதிப்பெண் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. என் எண்களைப் போட்டால் அசையவே இல்லை என்று சொல்லலாம். மகனுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது, "மூக்கை அடைச்ச மாதிரி இருக்கு" என்றான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த இடத்தில் மாடலும் நானும் ஒரே கட்சி.

இரண்டாவது தம்புரா. காது மெஷின்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலியை மின்விசிறி, ஏசி என்று எண்ணித் தணித்துவிடும். தம்புரா இடைவிடாமல் ஓடுவது. அதன் வேலையே அதுதான். பேச்சுக்கான இரைச்சல் குறைப்பு ஒன்றைக் கணினியிலேயே போட்டு அந்தப் பதிவை ஓட்டினேன். குரல் பளிச்சென்று நின்றது, தம்புரா மங்கி, குரல் ஓயும் இடங்களில் மட்டும் திடுக்கென்று எழுந்து மறுபடி அமுங்கியது. கேட்க முடியவில்லை. மதிப்பெண் இறங்கியதென்னவோ உண்மை, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. சத்தமாக இருப்பது குரல்; குரல் ஒழுங்காக வந்துவிட்டால் 32 பட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிம்மதி. சுருதி போனால் மிச்சம் இருப்பது எதன்மேல் நிற்கும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. ஹாக்கியைப் பழக்குவதற்காகக் கேட்பவர்களிடம் போட்டுக்காட்டி மதிப்பெண் வாங்கியவை மேற்கத்திய இசைக்குழு ஒன்று, ஜாஸ் ஒன்று, சொற்கள் இல்லாமல் பாடும் ஒரு பெண்குரல். அவற்றில் தம்புராவுக்கு வேலை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். நம் ஊரில் யாராவது காது மெஷின் போட்ட ரசிகர்களை உட்கார வைத்து நம் இசைக்கு மதிப்பெண் கேட்டால் இந்த மாடலை மறுபடி பழக்கலாம். கணிதத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், சோதனை செய்கிறவளுக்கே தெரியும் விஷயம். ஒலி 65 டெசிபலில் ஒலிக்கிறது என்று நிரல் தானாக எடுத்துக்கொள்கிறது. அது இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவு. சபாவில் ஒலிபெருக்கிப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் மதிப்பெண்ணும் மாறுகிறது. கேள்விக் குறைபாட்டில் சத்தத்தின் அளவும் தரத்தின் ஒரு பகுதி.

தரத்தைக் கணிப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. மதிப்பெண் போடாமல், பழுதான காதுக்கு எப்படிக் கேட்கும் என்பதை ஒலியாகவே மாற்றி, நல்ல காது உள்ளவரிடம் போட்டுக்காட்டுவது. கேம்பிரிட்ஜில் பிரையன் மூரும் அவருடைய சகாக்களும் செய்த வேலையிலிருந்து வந்த அப்படி ஒரு மென்பொருளும், நான் ஹாக்கியை எடுத்த அதே இலவசக் கருவித்தொகுப்பில் இருக்கிறது. என் எண்களைப் போட்டு, என் மகன் சின்ன வயதில் பேசிய ஒரு பதிவையே ஓட்டி, ஹெட்போனை அவனிடம் கொடுத்தேன். முதலில் சிரித்தான். அப்புறம் ஹெட்போனைக் கழற்றாமலே, "இதுதான் உனக்குக் கேக்குதாம்மா?" என்றான்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஒலியை நான் கேட்டால் குறை இரண்டு முறை சேர்ந்துவிடும், ஒருமுறை கணினியில், இன்னொரு முறை என் தலைக்குள். சரியா தப்பா என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான், சொல்ல முடியாத ஆளும் நான்தான். இதைச் சரிபார்க்கக் கூடியவர்கள் ஒரு காது நன்றாக இருந்து மறு காது மட்டும் பழுதானவர்கள். பழுதான காதில் அசலையும் நல்ல காதில் நகலையும் வைத்து ஒப்பிடலாம். ஆய்வாளர்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துத்தான் பல கேள்விகளுக்கு விடை கண்டிருக்கிறார்கள்.

ஆறு எண்களுக்கு வருகிறேன். அவை காது எங்கே கேட்கத் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்கின்றன, கேட்கத் தொடங்கியபின் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உள் மயிர்செல்கள் ஒரு பகுதியில் மொத்தமாகச் செத்துப்போயிருந்தால், அந்த அதிர்வெண்ணில் சத்தமாக வைத்த பீப்பைப் பக்கத்துப் பகுதி பிடித்துக்கொள்ளும். பட்டனை அமுக்குவோம், தாளில் புள்ளி விழும். உண்மையில் அங்கே யாரும் இல்லை. இந்த மரித்த பகுதிகளைக் கண்டுபிடிக்க மூரின் குழு 2000-இல் ஒரு சோதனையே அமைத்தது. 2009-இல் பாஸ்டனில் ஷரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளில் கண்டது இன்னும் சங்கடமானது. பெருஞ்சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேள்வி அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிர்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் மயிர்செல்லும் நரம்பும் சேரும் இணைப்புகளில் பாதி வரை சில இடங்களில் போயிருந்தன. ஆடியோகிராம் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் வரும்.

ஆகவே என்னைப் போலவே ஆறு எண்கள் உள்ள இன்னொருவருக்கு ஹாக்கி எனக்குக் கொடுக்கும் அதே மதிப்பெண்ணைத்தான் கொடுக்கும். அவர் ஒரு பாட்டை ரசித்துக்கொண்டிருக்கும்போது நான் மெஷினைக் கழற்றிப் பைக்குள் போடலாம். பலருடைய மதிப்பீட்டின் சராசரியைக் கணிப்பதில் இந்த மாடல்கள் கெட்டிக்காரத்தனமானவை. இரண்டு மெஷின்களில் எது பொதுவாக மேல் என்று பார்க்கும் நிறுவனத்துக்கு அது போதும். தனி ஆளுக்குப் போதாது.

2023-இல் பிரிட்டனின் சால்ஃபோர்ட், லீட்ஸ், நாட்டிங்காம், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கடென்சா என்ற திட்டத்தின் கீழ் ஒரு போட்டி நடத்தின. பாட்டைக் குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை என்று பிரித்து, கேட்பவரின் ஆடியோகிராமுக்கு ஏற்ப மறுபடி கலந்து கொடு என்பது போட்டி. அளவுகோல் ஹாக்கி. அடுத்த சுற்றில் பாடல் வரிகள் புரியும்படி செய்யச் சொன்னார்கள். அங்கேதான் நான் மேலே சொன்ன வில்லங்கம் வந்து நின்றது. வரி புரிய வேண்டுமானால் குரலைத் தூக்க வேண்டும், தூக்கினால் மூலத்திலிருந்து விலகுகிறது, தர மதிப்பெண் இறங்குகிறது. அவர்கள் வரி புரிவதற்கு விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளின் மதிப்பெண்ணையும் தரத்துக்கு ஹாக்கியையும் வைத்து, இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்கு ஒரு திருகாணி வைத்தார்கள். நேர்மையான தீர்வு. அந்தத் திருகாணி மட்டும் என் கையில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அதே திட்டத்தில் காது மெஷின் போட்டவர்களையே உட்கார வைத்து, நல்ல ஒலி கெட்ட ஒலி என்பதை எந்தச் சொற்களால் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தெளிவு, குத்தல், உடைதல், விசாலம், மேல், நடு, கீழ் ஒலிகளின் பலம் என்று பட்டியல் வந்தது. இந்த வேலையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒற்றை மதிப்பெண் 0.62 என்று சொன்னால் நான் ஆடியாலஜிஸ்டிடம் போய் என்ன கேட்பது? "குத்துகிறது" என்றால் அவருக்கு எந்தப் பட்டையில் கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

இப்போது மூலமே இல்லாமல் மதிப்பெண் சொல்லும் ஆழ்கற்றல் மாடல்களும் வந்துவிட்டன. ஹாக்கி ஒரு நிமிடம் எடுக்கும் கணக்கை ஹாக்கி-நெட் என்ற ஒன்று மூன்று விநாடிக்குள் சொல்லிவிடுகிறது. வேகம் நல்லதுதான், நாளைக்கு மெஷினுக்குள்ளேயே வைத்து ஓட்டலாம். ஆனால் அது கற்றுக்கொண்டது ஹாக்கியின் மதிப்பெண்களிலிருந்து, மனிதர்களின் காதுகளிலிருந்து அல்ல. ஹாக்கி தம்புராவை விட்டுவிட்டால் அதன் சிஷ்யனும் விட்டுவிடும், இருபது மடங்கு வேகத்தில்.

இத்தனையும் படித்ததில் கையோடு கிடைத்த லாபம், ஆடியாலஜிஸ்டிடம் என்ன கேட்பது என்று தெரிந்தது. மெஷினில் இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரச் சொன்னேன். இரைச்சல் குறைப்பு முழுக்க அணைப்பு, இல்லாவிட்டால் தம்புரா காலி. விசில் தடுப்பு குறைந்தபட்சத்தில், ஏனென்றால் புல்லாங்குழலின் நீண்ட கார்வையை அது தன் விசில் என்று நினைத்துக்கொண்டு தடுக்கப் பார்க்கும். மேல் அதிர்வெண்களைக் கீழே இறக்கிவைக்கும் வசதி வேண்டவே வேண்டாம், பேச்சில் 'ஸ' கேட்க உதவும், பாட்டில் அபஸ்வரம். மெல்லியதைத் தூக்கிப் பெரியதை அமுக்கும் கம்ப்ரெஷனைக் குறைத்து, மெதுவாக்கச் சொன்னேன்.

ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. மிருதங்கத்தின் பலத்த அடி விழும்போது ஒலி உடைந்தது, எந்த செட்டிங்கை மாற்றியும் போகவில்லை. பேச்சைவிட இசையின் உச்சங்கள் மிக உயரமானவை. மைக்கிலிருந்து உள்ளே வரும் வழியிலேயே வெட்டுப்பட்டால் பிறகு எந்த மென்பொருளும் ஒட்ட வைக்க முடியாது. டொரன்டோவில் இசைக்கலைஞர்களின் காதுகளைப் பார்க்கும் மார்ஷல் சேசின் என்ற ஆடியாலஜிஸ்ட் இதற்கு ஒரு வைத்தியம் சொல்லிவருகிறார்: மைக் துளைகள்மேல் மூன்று நான்கு சுற்று செலோடேப். பத்து டெசிபல்போல உள்ளே வருவது குறையும், உச்சம் தலை இடிக்காமல் நுழையும்.

ஒட்டிப் பார்த்தேன். தனி ஆவர்த்தனம் உடையாமல் வருகிறது. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன ராகம் என்று கேட்டது மட்டும் காதில் விழவில்லை.